பீரோ ஏறாத படி

டெம்போவிலிருந்து முதலில் இறங்கியது குத்துவிளக்கு. அதைப் புதுப்பெண் கையில் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிறகு பாய், தலையணை, கட்டில் சட்டம், எவர்சில்வர் அண்டா, அண்டாவுக்குள் வைக்கோல் வைத்து அடுக்கிய டம்ளர்கள்.

கடைசியாக ஒன்று வண்டிக்குள் படுத்துக் கிடந்தது. பூப்போட்ட ஜமக்காளத்தால் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து இறக்கி வாசலில் நிமிர்த்தி வைத்தார்கள். பீரோ.

அப்பா அதை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். திரும்பி எங்கள் மாடிப்படியைப் பார்த்தார். மறுபடி பீரோவைப் பார்த்தார். புதுச் சட்டையின் காலர் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"அப்பு," என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டார். "அது படியில ஏறுமாடா?"

வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறோம். இந்த ஒன்றை யாரும் கேட்டதில்லை.

முதல் குடித்தனம்

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். அகரத்தில் எங்கள் தோட்டக் கிணறு வற்றி, ஆழப்படுத்தி, மறுபடி வற்றிப்போன பிறகு அப்பா அந்தத் துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கினார். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு வீடு. இனிமேல் வெள்ளாமை என்றால் எங்களுக்கு அந்த மாடிதான்.

அதற்கு முதன்முதலாக வந்தவர்கள் முருகேசனும் சுமதியும். கல்யாணம் ஆகி இன்னும் மாசம் திரும்பவில்லை. முருகேசன் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர், அம்மா வீடு சின்னாளப்பட்டி. சுமதிக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். பெண்ணைத் தனிக்குடித்தனம் வைக்க அவள் அப்பா, நாலைந்து சொந்தக்காரர்களோடு சீர்ச் சாமானை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே கிளம்பி வந்திருந்தார். முருகேசனின் அம்மாவும் வந்திருந்தார்.

பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னாலேயே ராகு காலம்.

எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. முதல் குடித்தனம் பால் காய்ச்சாமல் திரும்பிப் போன வீட்டுக்கு அடுத்த குடித்தனம் சீக்கிரத்தில் வராது என்று. நம்புகிறோமோ இல்லையோ, வீடு பார்க்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். அப்பா ஏன் காலர் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார் என்று இப்போது புரிந்திருக்கும்.

யாரைக் கேட்டுக் கட்டுவது

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'வாடகைக்கு விடுவதற்கென்றே சின்னதாக வீடு கட்டுகிறவர் யாரிடம் யோசனை கேட்பது? இன்ஜினியரிடமா, ஏற்கெனவே வீடு விட்டிருக்கிற சொந்தக்காரரிடமா?'

அப்பா இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. குடியிருக்கிறவர்களிடம் கேட்டார்.

அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பாவுக்கு ஒரு வசதி இருந்தது. தோட்டம் இருந்த காலத்திலேயே கத்தரிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயம் என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் தெருத்தெருவாய் விற்றவர். காய் நிறுக்கிற நேரத்தில் பெண்கள் எதை வேண்டுமானாலும் சொல்லுவார்கள். அப்பா தராசைப் பிடித்தபடி கேட்பார்.

"ஏந்தாயி, இந்த வீடு எப்படி இருக்கு?"

"வீடு நல்லாத்தேன் இருக்கு. மோட்டார் சுவிட்சுத்தேன் வீட்டுக்காரம்மா கட்டிலுக்கு மேல இருக்கு. அந்தம்மா தூங்கி எந்திரிச்சாத்தேன் எங்களுக்குத் தண்ணி."

இன்னொரு தெருவில் வேறு கதை. "ஒரே மீட்டர்ண்ணே. நாங்க மாசம் பூரா ஊர்ல இல்ல, வந்து பாத்தா அதே பங்குக் காசு. பூட்டுன வீட்ல எந்தப் பேயி காத்தாடி போட்டுச்சுன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

ஒருத்தி கையாலேயே அளந்து காட்டினாளாம். "அடுப்படிய வந்து பாருங்க. நானும் எங்க நாத்தனாரும் நின்னா, குழம்பு கொதிக்கிறப்ப ஒருத்தி வெளிய போயிரணும்."

இதை எல்லாம் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் ஒப்பிப்பார். எந்தத் தெரு, எந்த வீடு, யார் என்ன சொன்னார்கள், ஒன்று பிசகாது. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "காய் வித்தீகளா, கோள் கேட்டீகளா?" என்பாள்.

ஆனால் கட்டும்போது ஒவ்வொன்றும் வந்தது. மாடிக்குத் தனி மீட்டர். மோட்டாருக்கு இரண்டு சுவிட்ச், மேலே ஒன்று, கீழே ஒன்று. கறி, மீன் சமைக்கக் கூடாது என்கிற பேச்சே இல்லை. துணி காயப்போட மேலேயே கொடி, கீழே நாங்கள் குனிந்து போக வேண்டியதில்லை. அடுப்படியில் மூன்று பெண்கள் நின்று சண்டையே போடலாம், அம்புட்டு இடம்.

இன்றைக்கு நான் பேங்க் லோனும் வரைபடமுமாகத் திரிகிற ஆள். வீடு கட்டுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். வாங்கப் போகிறவர்களின் வாயிலிருந்தே பொருளைக் கேட்டுச் செய்த ஆள் அப்பா மாதிரி இன்னொருவரைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

சாக்பீஸ் கோடு

அந்தப் பெரிய அடுப்படிக்கு இடம் எங்கிருந்து வந்தது?

எங்கள் கொத்தனார் ஆரோக்கியம். தளம் போட்ட மனையின் நடுவில் நின்றுகொண்டு, "அண்ணே, நீங்க சொல்ற அடுப்படிக்கு எங்கயாச்சும் இடம் திருடணும்" என்றார்.

"படியில திருடிக்க."

"படி எம்புட்டு அகலம் வேணும்?"

"தலையில மூட்டையோட ஒரு ஆளு ஏறணும். அம்புட்டுத்தேன்."

ஆரோக்கியம் சிமென்ட் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். படி நடுவில் திரும்புகிற இடத்தையும் வரைந்தார். என் தலையில் வெங்காய மூட்டையை ஏற்றிவிட்டார்கள். கோட்டுக்குள்ளே நடந்தேன், திரும்பினேன். முழங்கை எங்கேயும் இடிக்கவில்லை.

"ராசா மாதிரி போறான்" என்றார் ஆரோக்கியம். படியின் அளவு அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் சாமான் என்றால் தலையில் ஏறுவது. மூட்டை, குடம், தகரப்பெட்டி, நார்க்கட்டில்கூட ஒரு ஆள் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். உடுப்பெல்லாம் கொடியில் கிடக்கும், நல்ல சேலை பெட்டியில் இருக்கும். எங்கள் வம்சத்தில் பீரோ வைத்திருந்தவர்கள் கிடையாது.

சரி, காய் வாங்கிய பெண்களில் ஒருத்திகூடவா சொல்லவில்லை? சொல்லவில்லை. பீரோ ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அது எப்படிப் போனது என்று யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தவிர அவர்கள் எல்லாம் கீழ்வீட்டுக்காரர்கள்.

வாடகைக்கு மாடி கட்டப்போகிற வாசகர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள், கூடவே சாமான் ஏற்றுகிற டெம்போக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாசலில் நின்ற பீரோ

அன்றைக்கு அந்த டெம்போக்காரர்தான் முதலில் படியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆளு ஏறலாம். இது ஏறாது" என்றார்.

இருந்தாலும் முயன்றார்கள். பீரோவைச் சாய்த்துத் தூக்கி நாலு படி ஏற்றினார்கள். திருப்பத்தில் மேல்முனை ஒரு சுவரையும் கால் இன்னொரு சுவரையும் பிடித்துக்கொண்டது. முன்னே போனவர் மேலே மாட்டிக்கொண்டு, "என்னைய எறக்கி உடுங்கய்யா" என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், சுமதியின் அப்பாவும் எங்கள் அப்பாவும் தவிர.

திரும்ப வாசலுக்கே வந்தது.

சுமதியின் அப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் அப்பாவிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர்கள் பக்கத்து மரியாதையோடுதான் கேட்டார்.

"ஏனுங்க, படியை இத்தன ஒடுக்கமாவுங்க வெப்பாங்க?"

அப்பா, "மூட்டை ஏறுமுங்க" என்று முணுமுணுத்தார். அவருடைய பேச்சிலேயே பதற்றத்தில் 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது.

முருகேசனின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்தார். "எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டு. பீரோவ கீழ் வீட்லயே வச்சுட்டு, பொண்ண மட்டும் மேல ஏத்துங்க. ஒரு சேலை எடுக்கணும்னா இறங்கி வந்து எடுத்துக்கிறா. சீர் குடுத்த வீட்டுல படிய அளந்து குடுத்துருக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சுமதியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பீரோவுக்காக அவர் தென்னையில் ஒரு வருஷக் காயை முன்கூட்டியே விலை பேசிக் கொடுத்திருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

முருகேசன் வாட்சைப் பார்த்தான். "வேற வீடு பாத்துக்கலாம்மா. மில்லு பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. இன்னைக்கு நேரம் தப்பிரும், வண்டிய அங்கிட்டுத் திருப்பச் சொல்றேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, பால் காய்ச்சுவதற்கென்று புதுசாகக் கழுவிக் குங்குமம் வைத்த பானையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

அப்போது சுமதி விளக்கை எங்கள் வாசல் சுவரில் வைத்துவிட்டுப் படியில் விறுவிறுவென்று ஏறிப் போனாள். மேலே கதவு திறக்கிற சத்தம். பிறகு மொட்டை மாடிச் சுவருக்கு மேல் அவள் தலை தெரிந்தது.

"அப்பா, அடுப்படி நம்மூட்டு அடுப்படியாட்டம் பெருசா இருக்குதுங்கப்பா" என்றாள் மேலிருந்து. "வேற வூடு வேண்டாம். பீரோவ இப்பிடிக்கா ஏத்துங்க."

அவள் கை காட்டியது பக்கத்துக் காலி மனையை.

ஆகாயத்தில்

தெருப்பக்கம் ஏற்ற முடியாது, கரண்டுக் கம்பி போகிறது. காலி மனையில் கருவேலஞ்செடியைத் தவிர ஒன்றுமில்லை. மாடியின் முன்பாதி மொட்டை மாடி, இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதைத் தாண்டிவிட்டால் வீட்டுக் கதவு நேராக இருந்தது, கதவு அகலமானது. கதவைப் பற்றிக் காய் வாங்கிய பெண்கள் நிறையச் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. வீட்டின் பின்னாலிருந்து கிணற்று வடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிணற்றை ஆழப்படுத்தியபோது கல்லும் மண்ணும் கூடை கூடையாய் இழுத்த வடம். தோட்டத்தை விற்றபோது இதை மட்டும் கொடுக்கவில்லை. டெம்போக்காரர் தார்ப்பாய் கட்டும் கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்தார்.

பீரோவுக்குக் குறுக்கும் நெடுக்கும் வடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார் அப்பா. முடிச்சை ஒருவர் இழுத்துப் பார்த்து, "இது தாங்குமுங்களா?" என்றார்.

"பாறையே தாங்குச்சு. சேலை தாங்காதா?"

மேலே நாங்கள். அப்பா, நான், தொப்பம்பட்டிக்காரர்கள் மூன்று பேர், கடைசியில் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முருகேசன். அவன் அம்மா கீழேயிருந்து, "வேட்டி, வேட்டி" என்று கத்திக்கொண்டிருந்தார். சுவரின் விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டோம். கீழே சுமதியின் அப்பா, பீரோ சுவரில் மோதாமல் இருக்க இன்னொரு கயிற்றை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலேலோ பாடவா?" என்றார் ஒருவர்.

"மூச்ச வீணாக்காதய்யா."

இழுத்தோம். முதல் இழுப்புக்கு அது அசையவில்லை. இரண்டாவதில் கால்கள் மண்ணை விட்டு எழுந்தன. பிறகு ஒரு கை, இன்னொரு கை என்று ஏறியது. வடம் சாக்கின்மேல் உராய்ந்து, உழுத மண்ணில் மழை விழுந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. கிணற்று மண் இன்னும் அதன் புரிக்குள் இருந்திருக்கிறது.

பாதி உயரத்தில் ஜமக்காளம் வடத்துக்கு அடியில் சுருண்டு, ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. உள்ளே கதவு முழுக்கக் கண்ணாடி.

பீரோ மெதுவாகச் சுழல ஆரம்பித்தது.

கீழே நின்றவர்கள் அப்படியே அண்ணாந்துவிட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியவில்லை, அம்மா பிற்பாடு சொன்னாள். கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் வெறும் வானம்தான் தெரிந்ததாம். பீரோ போன இடத்தில் பீரோவைக் காணோம். ஆகாயத்துக்கு நடுவில் கதவு அளவுக்கு இன்னொரு ஆகாயம் ஏறிப் போனது. அதற்குள் ஒரு கொக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பறந்து மறைந்தது என்றாள். தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். முருகேசனின் அம்மாகூட வேட்டியை மறந்துவிட்டு வாய் திறந்து நின்றாராம்.

மேலே எங்களுக்கு வேறு காட்சி. சுவருக்கு மேல் அதன் தலை தெரிந்தது. வெளிப்பக்கம் பார்த்திருந்த கண்ணாடி, ஏறிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பியது. திரும்புகிற வழியில் தென்னந்தோப்புகள், வரிசையாக ஓட்டு வீடுகள், தூரத்தில் மலை, மலைமேல் கோட்டைச் சுவர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் நுழைந்து வெளியேறின. அந்த மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது நகர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு நாங்கள் வந்தோம். ஒரே வடத்தைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஆறு ஆண்கள். முன்னால் அப்பா. தான் பாரம் இழுக்கும்போது எப்படி இருப்போம் என்று அவர் அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒரு கணம் அவர் கை தளர்ந்தது. பாரம் எங்கள் எல்லோரையும் ஒரு எட்டு முன்னால் இழுத்தது.

"அண்ணா, கண்ணாடியப் பாக்காதீங்க, கயித்தப் பாருங்க" என்றாள் பின்னாலிருந்து சுமதி.

இறுக்கிப் பிடித்தோம். சுவரைத் தாண்டுகிறபோது ஒரு கால் கைப்பிடிச் சுவரில் இடித்து, கொழுக்கட்டை அளவுக்குச் சிமென்ட் பெயர்ந்து கீழே விழுந்தது. பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்கின்மேல் சறுக்கி வந்து மொட்டை மாடியில் நின்றது. கீழே யாரோ ஒருவர் கைதட்டினார், பிறகு தெருவே தட்டியது.

சுமதியின் அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு, அந்த ஒடுக்கமான படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். பீரோவைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, நாளைக்கு இவங்க வூடு மாறுனா இத எப்பிடிங்க எறக்கறது?"

"அதுக்குள்ள படிய இடிச்சுக் கட்டிருவேன்" என்றார் அப்பா. அடுத்த கோடையில் இடித்துக் கட்டவும் செய்தார். அடுப்படியில் கை வைக்கவில்லை, எங்கள் முன்னறையைக் குறுக்கிக்கொண்டார்.

பால்

நேரம் தப்பவில்லை. பீரோவை உள்ளே நகர்த்தி, பெண்கள் எல்லோரும் ஏறி, அடுப்பு பற்றவைத்தாயிற்று. பால் பொங்கியது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். முருகேசனின் அம்மா எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். தொப்பம்பட்டிக்காரர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து உள்ளங்கைச் சிவப்பை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவை மட்டும் காணவில்லை.

எட்டிப் பார்த்தேன். அவர் வெளியே, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அன்று காலையில்கூட அந்த வீட்டுக்குள் சர்வசாதாரணமாக நடந்து, குழாயைத் திறந்து மூடி, மூலையில் கிடந்த ஆணியைப் பொறுக்கி எடுத்தவர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் தண்ணீர் ஊற்றியவர். இப்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நின்றார்.

சுமதி பால் டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, அங்கயே நின்னுட்டீங்க? உங்க வூடுதானுங்களே."

"நீ கூப்பிடலையேம்மா" என்றார் அப்பா.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க" என்றாள்.

அப்பா உள்ளே போனார். உயரமான கதவுதான். இருந்தும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.